இணைப்பு பாதுகாப்பானதா என்று சர்வர் கோடு யாரிடம் கேட்பது?

வெப் சர்வீஸ் எழுதுபவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய கோடு, ரிக்வெஸ்ட்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் போனதும் தடுமாறுகிறது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் என்றுதான் இருக்கிறது. ஆனால் சர்வர் பக்கத்தில் ‘இந்த ரிக்வெஸ்ட் பாதுகாப்பான இணைப்பில் வந்ததா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது. தேடிப் பார்த்தால் தீர்வுகளுக்குப் பஞ்சமில்லை: எச்டிடிபிஎஸ்-இன் வழக்கமான போர்ட் 443-ஆ என்று பார், ரிக்வெஸ்ட்டோடு வரும் குறிப்பு வரியான இந்த ஹெட்டரைப் படி, கான்ஃபிக்கில் இந்த வரியைச் சேர். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய சர்வரில் உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. நம் சர்வருக்கு எது என்பதில்தான் சிக்கல்.

எச்டிடிபிஎஸ்-இன் குறியாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் ஏற்பாடு. முன்பெல்லாம் ஒரு முனை பிரவுசர், மறுமுனை உங்கள் சர்வர். இன்றைக்கு அந்த மறுமுனை பெரும்பாலும் கிளவுட்ஃபிளேராகவோ, ஏடபிள்யூஎஸ் லோட் பேலன்சராகவோ, என்ஜின்எக்ஸ் ஆகவோ இருக்கிறது. இப்படி நடுவில் நிற்பவற்றைப் பிராக்ஸி என்பார்கள். குறியாக்கம் அங்கேயே அவிழ்ந்துவிடும். உங்கள் கோடுக்கு வந்து சேர்வது வெறும் எச்டிடிபி. தான் நேரில் பார்க்காத ஒன்றைப் பற்றி உங்கள் கோடு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தேர்வு என்பது எந்த ஃபங்ஷனை அழைப்பது என்பதல்ல, யார் சொல்வதை நம்புவது என்பதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எதற்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு முகவரி உருவாக்குவதற்காக இருக்கலாம்: பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க், வேறு தளத்தின் கணக்கால் லாகின் செய்யும் ஓஆத் முடிந்து திரும்பி வரும் முகவரி, எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப் சர்வீஸின் விவரக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்-க்குள் எழுதப்படும் முகவரி. குக்கீயில் ‘எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் அனுப்பு’ என்னும் செக்யூர் ஃபிளாக் போடுவதற்காக இருக்கலாம். எச்டிடிபியில் வந்தவரை எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடுவதற்காக இருக்கலாம். அல்லது, குறியாக்கம் இல்லாமல் டோக்கனோ (பாஸ்வேர்டுக்குப் பதில் காட்டும் ரகசியச் சரம்) பாஸ்வேர்டோ வந்தால் மறுத்துவிடுவதற்காக இருக்கலாம்.

முதல் காரணத்தில் தவறு நடந்தால் ஒரு லிங்க் உடையும், யாராவது போன் பண்ணுவார்கள், சரிசெய்துவிடலாம். கடைசிக் காரணத்தில் தவறு நடந்தால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். பாஸ்வேர்ட் அம்மணமாகப் போய்க்கொண்டிருக்கும், எல்லாம் வேலை செய்வது போலவே தெரியும். அதனால் முகவரி உருவாக்கப் போதுமான வழி, டோக்கனைக் காக்கவும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். வெளியிலிருந்து வருபவர் இதை ஏமாற்ற முடியுமா? டிஎல்எஸ் முன்னாலேயே முடிந்துவிட்டாலும் உண்மை தெரியுமா? தவறினால் எந்தப் பக்கம் தவறும், தேவையில்லாமல் மறுக்குமா, தேவையில்லாமல் அனுமதிக்குமா? கடைசியாக, ஆறு மாதம் கழித்து வேறொருவர் நெட்வொர்க் அமைப்பை மாற்றினால் இது தாங்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான கோளாறுகள் வருவது அங்கிருந்துதான்.

## வழி 1: சாக்கெட்டையே கேட்பது

ஜாவா சர்வ்லெட்டில் இஸ்செக்யூர், ஏஎஸ்பி டாட்நெட்டில் இஸ்செக்யூர்கனெக்‌ஷன், கோ மொழியில் ரிக்வெஸ்ட்டின் டிஎல்எஸ் புலம் காலியா என்ற சோதனை, நோடில் சாக்கெட்டின் என்கிரிப்டட் பண்பு. எல்லாம் ஒரே கேள்விதான்: என்னிடம் நேரடியாக வந்து சேர்ந்த இந்த இணைப்பில், அதாவது சாக்கெட்டில், டிஎல்எஸ் இருக்கிறதா?

ஏமாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிக்வெஸ்ட்டுக்குள் எதை எழுதி அனுப்பினாலும் சாக்கெட்டின் நிலை மாறாது. கூடவே டிஎல்எஸ் பதிப்பு என்ன, கிளையன்ட் சான்றிதழ் காட்டினாரா என்பதும் கிடைக்கும். இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் மியூச்சுவல் டிஎல்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுவே இயல்பான வழி.

முன்னால் பிராக்ஸி வந்து, அவிழ்த்ததை வெறும் எச்டிடிபியில் அனுப்பினால், இது எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சில இடங்களில் லோட் பேலன்சருக்கும் ஆப்புக்கும் நடுவேயும் டிஎல்எஸ் போட்டிருப்பார்கள். அங்கே பயனர் போர்ட் 80-இல் வெறும் எச்டிடிபியில் வந்தாலும், லோட் பேலன்சர் அதை டிஎல்எஸ்-இல் சுற்றி உங்களிடம் தரும். சாக்கெட் ‘ஆமாம், பாதுகாப்பானது’ என்று சொல்லும். அது சொல்வது உண்மைதான், ஆனால் நீங்கள் கேட்க நினைத்த தூரத்தைப் பற்றியது அல்ல.

பிஎச்பியில் ஒரு பழைய பள்ளம் இன்னும் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் என்ற சர்வர் மாறி காலியாக இல்லையென்றால் பாதுகாப்பானது என்று எழுதிவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்-இன் ஐசாப்பி அமைப்பில், குறியாக்கம் இல்லாத ரிக்வெஸ்ட்டுக்கு அந்த மாறியில் ‘ஆஃப்’ என்ற சொல்லே இருக்கும். காலியில்லை, ஆகவே பாதுகாப்பானது! பிஎச்பி கையேடே இதைக் குறிப்பிடுகிறது. இன்றைக்கு அந்த அமைப்பு அரிது. ஆனால் எங்கோ காப்பி செய்த கோடு எங்கே போய் ஓடும் என்று சொல்ல முடியாது. ‘ஆஃப்’ இல்லையா என்றும் சேர்த்தே பாருங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு சான்றிதழ் பராமரிப்பு. ஒவ்வொரு ஆப் சர்வரிலும் சான்றிதழ் வைக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்ததை ஆப் எடுத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள். ஒரு சர்வருக்கு இது பெரிய விஷயமில்லை, தனித்தனிப் பெட்டிகளாக ஆப்பை ஓட்டும் இருபது கன்டெய்னருக்கு இது தனி வேலை.

## வழி 2: போர்ட் எண்ணைப் பார்ப்பது

443 என்றால் பாதுகாப்பானது, 80 என்றால் இல்லை. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வேண்டாம்.

பிராக்ஸிக்குப் பின்னால் ஆப் 8080-இலோ 3000-இலோ ஓடும், அப்போது இந்தக் கேள்விக்கே பொருளில்லை. அதைவிட மோசமான விஷயம், அப்பாச்சி வெப் சர்வர் தரும் சர்வர் போர்ட் மதிப்பு எப்போதும் நிஜமான போர்ட் அல்ல. இயல்பு அமைப்பில், எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் பயனர் எழுதி அனுப்பும் எண்ணையே அது எடுத்துக்கொள்ளும். முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 443 என்று சேர்த்து, போர்ட் 80-க்கு ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதும். வேர்ட்பிரஸின் இஸ்-எஸ்எஸ்எல் ஃபங்ஷனும், எச்டிடிபிஎஸ் மாறி இல்லாதபோது போர்ட் 443-ஐப் பார்க்கிறது. அங்கே பரவலாக வேலை செய்கிறது என்பதற்காக நீங்களும் உங்கள் சர்வீஸில் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## வழி 3: பிராக்ஸி சொல்லும் ஹெட்டரைப் படிப்பது

இன்றைக்குப் பெரும்பாலானோர் வந்து சேரும் வழி இது. டிஎல்எஸ்-ஐ அவிழ்க்கும் பிராக்ஸி, ‘இவர் எச்டிடிபிஎஸ்-இல் வந்தார்’ என்று எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற ஹெட்டரில் எழுதி அனுப்பும். ஆப் அதைப் படித்துக்கொள்ளும். இதற்கு முறையான தரம் 2014 ஜூனில் ஆர்எஃப்சி 7239 ஆக வந்தது. ஹெட்டரின் பெயர் வெறும் ‘ஃபார்வர்டட்’. ஆனாலும் நடைமுறையில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் உலகில் ஃப்ரண்ட்-எண்ட்-எச்டிடிபிஎஸ், வேறு சில இடங்களில் எக்ஸ்-ஃபார்வர்டட்-எஸ்எஸ்எல், கிளவுட்ஃபிளேரின் சிஎஃப்-விசிட்டர் என்று உறவினர்கள் ஏராளம். இவை எல்லாவற்றையும் ‘அல்லது’ போட்டு வரிசையாகச் சோதிக்கும் கோடு இணையமெங்கும் சுற்றுகிறது. அதை எடுக்காதீர்கள். உங்கள் பிராக்ஸி எழுதாத ஹெட்டரை நீங்கள் படித்தால், அதை எழுதக்கூடியவர் பயனர் மட்டும்தான்.

அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி எழுதித் தரும் சீட்டு மாதிரிதான் இது. சீட்டைச் செக்யூரிட்டிதான் எழுதினாரா, வந்தவரே எழுதிக்கொண்டு வந்தாரா என்று மேல்மாடியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டு விஷயம் உறுதியாக வேண்டும். வெளியிலிருந்து வரும் அதே பெயருள்ள ஹெட்டரைப் பிராக்ஸி அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். அந்தப் பிராக்ஸியைத் தாண்டாமல் யாரும் ஆப்பை நேராக அடைய முடியக் கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் ஹெட்டருக்கு மதிப்பில்லை.

ஃபிரேம்வொர்க்குகள் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. பைத்தானின் ஜாங்கோவில் செக்யூர்-பிராக்ஸி-எஸ்எஸ்எல்-ஹெட்டர் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்குவதற்கு முன் என்னென்ன உறுதி செய்ய வேண்டும் என்று அதன் ஆவணத்தில் கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. ஏஎஸ்பி டாட்நெட் கோரின் ஃபார்வர்டட் ஹெட்டர்ஸ் மிடில்வேர், தானிருக்கும் மெஷினின் லூப்பேக் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே இயல்பாக நம்பும். பைத்தான் சர்வரான ஜியூனிகார்னும் அப்படியே. ஜாவா சர்வரான டாம்கேட்டின் ரிமோட்ஐபி வால்வ் கொஞ்சம் தாராளம்: 10-இல் தொடங்குவது, 192.168-இல் தொடங்குவது என எல்லாத் தனியார் முகவரிகளையும் இயல்பாக நம்பிவிடும். அதே உள் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மெஷின் பொய் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் என்று அர்த்தம்.

இங்கேதான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் பிராக்ஸியின் முகவரி லூப்பேக் ஆக இருக்காது, ஆகவே ஹெட்டர் புறக்கணிக்கப்படும். ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, நம்பும் முகவரிப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள், அல்லது நோடின் எக்ஸ்பிரஸில் டிரஸ்ட் பிராக்ஸியை ‘ட்ரூ’ என்று வைத்துவிடுவார்கள். வேலை செய்யும். யார் சொன்னாலும் நம்பும் என்பதால்தான் வேலை செய்கிறது. கன்டெய்னரின் போர்ட்டும் வெளியே திறந்திருந்தால், கேட்கவே வேண்டாம்.

### நடுவில் இருப்பவர் அழித்துவிடும் கதை

நேர்மையான அமைப்பிலும் இந்த ஹெட்டர் தொலைந்துபோகும். மிகச் சாதாரணமான ஒன்றைப் பாருங்கள். முன்னால் ஏடபிள்யூஎஸ்-இன் எச்டிடிபி லோட் பேலன்சரான ஏஎல்பி, அதன் பின்னால் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் ஜாங்கோ. பயனர் எச்டிடிபிஎஸ்-இல் வருகிறார். ஏஎல்பி ஹெட்டரில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று எழுதி, போர்ட் 80-இல் என்ஜின்எக்ஸுக்கு அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில், எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பது போல, அந்த ஹெட்டருக்கு, தனக்கு வந்த இணைப்பு எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்-ஆ என்று சொல்லும் ‘ஸ்கீம்’ மாறியின் மதிப்பை வை என்று ஒரு வரி இருக்கிறது. என்ஜின்எக்ஸைப் பொறுத்தவரை வந்த இணைப்பு வெறும் எச்டிடிபி. எனவே ஏஎல்பி எழுதியதை அழித்துவிட்டு ‘எச்டிடிபி’ என்று எழுதுகிறது.

ஜாங்கோ அதைப் பார்த்து, இது பாதுகாப்பற்றது என்று எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்புகிறது. பிரவுசர் மறுபடி எச்டிடிபிஎஸ்-இல் வருகிறது, மறுபடி அதே கதை. குரோம் 20 முறை சுற்றிவிட்டு, அளவுக்கு மீறித் திருப்பல்கள் என்று கைவிரித்துவிடும். ஜாங்கோவின் அமைப்பு சரி, ஏஎல்பியும் சரி. குற்றவாளி, தனியாக நின்றால் முற்றிலும் சரியாக இருக்கக்கூடிய ஒரு வரி. முன்னால் ஏஎல்பி இருக்கும்போது என்ஜின்எக்ஸ் அந்த ஹெட்டரைத் தொடாமல் கடத்த வேண்டும். ஏஎல்பியைத் தவிர வேறு யாரும் என்ஜின்எக்ஸை அடைய முடியாதபடி, ஏடபிள்யூஎஸ்-இன் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் பூட்டவும் வேண்டும்.

முடிவில்லாத இந்தச் சுற்றாவது (லூப்) கண்ணில் படும். சத்தமே இல்லாமல் கெடுபவையும் உண்டு. எக்ஸ்பிரஸ்-செஷனில் குக்கீயின் செக்யூர் அமைப்பை ‘ட்ரூ’ என்று வைத்து, டிரஸ்ட் பிராக்ஸியை மறந்துவிட்டால், பாதுகாப்பற்ற இணைப்பு என்று நினைத்து அது குக்கீயை அனுப்பாமலே விட்டுவிடும். எரர் கிடையாது. பயனர் சரியான பாஸ்வேர்டைக் கொடுப்பார், மறுபடி லாகின் பக்கத்துக்கே வருவார். வேறு தளம் பயனர் பெயரில் ஃபார்ம் அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனை, ஜாங்கோ 4.0-இலிருந்து, ரிக்வெஸ்ட் கிளம்பிய தளத்தைச் சொல்லும் ஆரிஜின் ஹெட்டரையும் ஒப்பிடுகிறது. பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்கிறது, ஜாங்கோ தன்னை எச்டிடிபி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே பதிப்பை ஏற்றியதும் ஃபார்ம்கள் ‘அனுமதியில்லை’ என்னும் 403 தரத் தொடங்கும்.

இன்னும் அமைதியானது எச்எஸ்டிஎஸ். ‘இனி என்னிடம் எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் வா’ என்று பிரவுசருக்குச் சொல்லும் அந்த ஹெட்டரை ஜாங்கோவும் ஸ்பிரிங் செக்யூரிட்டியும், ரிக்வெஸ்ட் பாதுகாப்பானது என்று தாங்கள் நம்பினால் மட்டுமே இயல்பாக அனுப்புகின்றன. கண்டறிதல் தவறினால் அது போகாது. கான்ஃபிக்கில் ஒரு வருடக் காலம் எழுதியிருப்பீர்கள், ஒரு பிரவுசருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

### ஹெட்டரே வராத இடங்கள்

ஏடபிள்யூஎஸ்-இன் இன்னொரு லோட் பேலன்சரான என்எல்பியிலும் டிஎல்எஸ்-ஐ முடிக்கலாம். ஆனால் அது எச்டிடிபியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, எந்த ஹெட்டரையும் சேர்க்காது. பிராக்ஸி புரோட்டோகால் இயக்கினால் பயனரின் முகவரியும் போர்ட்டும் தனியாக வரும். அந்தப் புரோட்டோகாலின் முதல் பதிப்பில் டிஎல்எஸ் பற்றி எதுவும் சொல்ல இடமில்லை. இரண்டாம் பதிப்பில் இடமுண்டு, முன்னால் நிற்பவர் அதை நிரப்பினால்தான் பயன். ஏஎல்பியை என்எல்பியாக மாற்றினால் ‘ஒன்றும் மாறாது, வெறும் லோட் பேலன்சர்தானே’ என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

ஹெல்த் செக்கும் அப்படித்தான். லோட் பேலன்சர் தானே ஆப்பைத் தட்டிப் பார்க்கும்போது பயனர் என்று யாரும் இல்லை, ஹெட்டரும் இல்லை. ஆப் அதை எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பினால் பதில் ‘வேறு முகவரிக்குப் போ’ என்னும் 301. ஏஎல்பி இயல்பாக எதிர்பார்ப்பது ‘எல்லாம் சரி’ என்னும் 200. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பைச் செத்துவிட்டது என்று அறிவித்துவிடும். ஹெல்த் செக் பாதைக்கு மட்டும் திருப்பலில் விலக்கு கொடுங்கள்.

ஹெட்டர் இல்லையென்றால் பாதுகாப்பற்றது என்றே கொள்ளுங்கள். கனெக்‌ஷன் ஹெட்டரில் வேறொரு ஹெட்டரின் பெயரை எழுதி, பிராக்ஸியையே அதை நீக்க வைக்கும் தந்திரம் உண்டு. அப்பாச்சியின் மாட்-பிராக்ஸி எக்ஸ்-ஃபார்வர்டட் வகை ஹெட்டர்களை இப்படி விட்டுவிடக்கூடிய ஓட்டை 2022-இல் 2.4.54 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. இல்லாததை ‘எல்லாம் சரி’ என்று படிக்கும் கோடு அன்றைக்கு மாட்டியிருக்கும்.

## வழி 4: கான்ஃபிக்கில் எழுதிவைப்பது

‘இந்த ஆப் எச்டிடிபிஎஸ்-இல் மட்டுமே வெளியே தெரியும்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் கேட்காமல் விடுவது. டாம்கேட்டின் கனெக்டரில் ஸ்கீம், செக்யூர் என்ற இரண்டு அமைப்புகள், வெப் சர்வர் ஆப்போடு பேசும் ஃபாஸ்ட்சிஜிஐ-க்கு எச்டிடிபிஎஸ் மாறியை ‘ஆன்’ என்று கொடுப்பது, ரெயில்ஸ் 7.1-இல் வந்த அஸ்யூம்-எஸ்எஸ்எல் எல்லாம் இந்த வகை. ஆப்பின் வெளி முகவரியை முழுதாகக் கான்ஃபிக்கில் வைத்து, லிங்க்குகளை அதிலிருந்து மட்டும் உருவாக்குவதும் இதுவே.

முகவரி உருவாக்கும் வேலைக்கு இதை மிஞ்சிய வழி இல்லை என்பது என் கருத்து. சோப் சர்வீஸ் ஒன்று லோட் பேலன்சருக்குப் பின்னால் போனால் நடப்பதைப் பாருங்கள். டபிள்யூஎஸ்டிஎல்-ஐ எச்டிடிபிஎஸ்-இல் கேட்பார்கள், கோப்பு வரும். அதற்குள் சர்வீஸ் முகவரி மட்டும் எச்டிடிபி என்று இருக்கும், ஏனெனில் ஃபிரேம்வொர்க் தனக்குத் தெரிந்த ஸ்கீமை வைத்து அதை எழுதியது. எதிர்த் தரப்பு அதிலிருந்து கிளையன்ட் கோடை உருவாக்கிக்கொள்ளும். போர்ட் 80 மூடியிருந்தால் அழைப்பு தொங்கும், அதுவாவது பரவாயில்லை. திறந்திருந்தால் யூசர்நேம் டோக்கனும் பாஸ்வேர்டும் குறியாக்கமின்றிப் போகும். ஓஆத்தில் அதே பிழை வேறு முகத்தில் வரும்: திரும்பும் முகவரி எச்டிடிபி என்று தொடங்கும், பதிவு செய்தது எச்டிடிபிஎஸ், பொருந்தவில்லை என்று மறுப்பு. இந்த இரண்டுக்கும் ரிக்வெஸ்ட்டைப் பார்த்து ஊகிப்பது தேவையே இல்லை. உங்கள் சர்வீஸின் முகவரி உங்களுக்கே தெரியும்.

கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு. ஹோஸ்ட் ஹெட்டரில் வேறு தளத்தின் பெயரை எழுதி, பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க்கையே அங்கே திருப்பும் தாக்குதலும் இதில் செத்துப்போகும்.

ஆனால் இது கண்டறிதல் அல்ல, சத்தியப் பிரமாணம். யாராவது போர்ட் 80-ஐத் திறந்துவிட்டாலும் ஆப் ‘பாதுகாப்பானது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டோக்கனை மறுக்கும் முடிவை இதன் மேல் கட்டக் கூடாது. டெவலப்மெண்ட், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று மூன்று மதிப்புகளைப் பராமரிப்பதும் ஒரு செலவு. ஒரே ஆப் பல டொமைன்களில் ஓடினால் வாடிக்கையாளருக்கு ஒன்று என்று பட்டியல் நீளும்.

மைக்ரோசாஃப்ட்டின் சர்வீஸ் ஃபிரேம்வொர்க்கான டபிள்யூசிஎஃப்-இல் இதே நெருக்கடி வேறு வடிவில் வரும். மெசேஜுக்குள் பாஸ்வேர்ட் அனுப்பும் பைண்டிங் (இணைப்பு அமைப்பு), கீழே டிஎல்எஸ் இல்லையென்றால் ஓட மறுக்கும். லோட் பேலன்சர் டிஎல்எஸ்-ஐ அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது? அதற்கென அலவ்-இன்செக்யூர்-டிரான்ஸ்போர்ட் என்ற அமைப்பு இருக்கிறது. பெயரிலேயே ‘பாதுகாப்பற்றதை அனுமதி’ என்று இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தே போடலாம்.

## வழி 5: ஆப் கேட்காமலே விடுவது

வாசலிலேயே முடிவு செய்துவிட்டால் உள்ளே கேள்வி இல்லை. பிரவுசருக்கான தளமென்றால் போர்ட் 80-இல் திருப்பலை மட்டும் செய்யும் என்ஜின்எக்ஸ், ஆப் லூப்பேக்கில் மட்டும் காது கொடுக்கும், மேலே எச்எஸ்டிஎஸ். 2012 நவம்பரில் ஆர்எஃப்சி 6797 ஆக வந்த எச்எஸ்டிஎஸ், முதல் வருகைக்குப் பிறகு பிரவுசரை எச்டிடிபி பக்கமே போகவிடாது.

நிரல்களே அழைக்கும் ஏபிஐ என்றால் ஒரு திருத்தம்: திருப்பவே திருப்பாதீர்கள். பிரவுசருக்கு நல்லதாக இருக்கும் திருப்பல் ஏபிஐக்குக் கெடுதல். கிளையன்ட் எழுதியவர் முகவரியில் எச்டிடிபிஎஸ்-இன் கடைசி ‘எஸ்’ என்ற ஒரு எழுத்தை விட்டுவிட்டார் என்று வையுங்கள். அவருடைய கோடு டோக்கனோடு எச்டிடிபியில் வருகிறது, நீங்கள் 301 தருகிறீர்கள், அவருடைய லைப்ரரி அமைதியாக எச்டிடிபிஎஸ்-க்குப் போய் வேலையை முடித்துவிடுகிறது. ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கன் ஒருமுறை வெட்டவெளியில் போய்வருகிறது, அவருக்குத் தெரியவே தெரியாது. ஏபிஐ கிளையன்ட்கள் பெரும்பாலும் எச்எஸ்டிஎஸ்-ஐ நினைவில் வைப்பதுமில்லை. தரவை அனுப்பும் போஸ்ட் என்றால் இன்னொரு தொல்லை: 301 கிடைத்ததும் பல கிளையன்ட்கள் அதை, வெறுமனே கேட்டுப் பெறும் கெட் ஆக மாற்றிவிடும். போர்ட் 80-ஐ மூடுங்கள், அல்லது தெளிவான எரர் கொடுங்கள். இணையக் கட்டண நிறுவனமான ஸ்ட்ரைப் தன் ஏபிஐக்கு வெறும் எச்டிடிபியில் வரும் அழைப்புகள் தோல்வியடையும் என்றே சொல்லிவிடுகிறது. இன்னும் கறாராக இருப்பவர்கள் அப்படி வந்த டோக்கனை உடனே செல்லாததாக்கிவிடலாம்.

மறைந்த செலவு, பொறுப்பு கைமாறுவது. கோடு எழுதும் டீமிடமிருந்து இன்ஃப்ரா டீமிடம் முடிவு போகிறது. கோடு ரிவ்யூவில் இது தெரியாது, யூனிட் டெஸ்ட்டில் பிடிபடாது. ஃபயர்வால் விதி ஒன்று மாறினால் ஆப்புக்குத் தெரிய வழியில்லை. உங்கள் மென்பொருளை வாடிக்கையாளர்கள் தங்கள் சர்வரில் தாங்களே நிறுவிக்கொள்கிறார்கள் என்றால், அவர்கள் வாசல் எப்படியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கே இந்த வழி கைகொடுக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியாள் ஏமாற்ற முடியுமா | முன்னாலேயே டிஎல்எஸ் முடிந்தால் | தவறினால் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சாக்கெட் | முடியாது | வெறும் எச்டிடிபி வந்தால் ‘இல்லை’ | பெரும்பாலும் மறுக்கும் | சான்றிதழ் பராமரிப்பு |
| போர்ட் எண் | சில அமைப்புகளில் முடியும் | பொருளற்றது | இரு பக்கமும் | பிறகு தேடித் திருத்துவது |
| பிராக்ஸி ஹெட்டர் | நம்பிக்கைப் பட்டியல் தளர்ந்தால் முடியும் | சரியாகச் சொல்லும் | பட்டியல் இறுக்கமென்றால் மறுக்கும், தளர்வென்றால் அனுமதிக்கும் | ஒவ்வொரு அடுக்கும் ஒத்துப்போக வேண்டும் |
| கான்ஃபிக் | முடியாது | எழுதியதைச் சொல்லும் | அனுமதிக்கும் | சூழலுக்கொரு மதிப்பு |
| வாசலில் மறுப்பு | வாசல் ஒன்றே என்றால் முடியாது | கேள்வியே இல்லை | வாசல் திறந்தால் ஆப்புக்குத் தெரியாது | பொறுப்பு வேறு டீமுக்கு |

## எந்தச் சூழலுக்கு எது

ஒரே விஎம் (மெய்நிகர் சர்வர்), முன்னால் யாருமில்லை, அல்லது சர்வீஸ்கள் தங்களுக்குள் மியூச்சுவல் டிஎல்எஸ்-இல் பேசுகின்றன: சாக்கெட். வேறு எதையும் தொட வேண்டாம்.

உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ஏபிஐ, டோக்கனோடு மட்டும் வரும் கிளையன்ட்கள்: வாசலில் மறுப்பு, வெளி முகவரி கான்ஃபிக்கில். ஆப்புக்குள் இஸ்செக்யூர் என்று ஒரு வரிகூட இல்லாமல் எழுத முடியும், அதுதான் நல்லது.

லாகின், செஷன், ஃபார்ம் எல்லாம் உள்ள வெப் ஆப், முன்னால் லோட் பேலன்சர்: பிராக்ஸி ஹெட்டர், ஆனால் உங்கள் கையால் படித்து அல்ல. ஃபிரேம்வொர்க்கின் அமைப்பை இயக்கி, நம்பும் முகவரியை உங்கள் பிராக்ஸியின் முகவரி வரம்புக்குள் குறுக்கி, கோடு முழுக்க ஃபிரேம்வொர்க்கின் ஃபங்ஷனை மட்டும் கேளுங்கள். செக்யூர் ஃபிளாக்கை மட்டும் இந்தக் கண்டறிதலோடு கட்டாதீர்கள்; புரொடக்‌ஷனில் எப்போதும் போடு என்று வைத்துவிடுங்கள். வெறும் எச்டிடிபியில் போகும் செஷன் குக்கீயைக் காபிக்கடை வைஃபையில் எவ்வளவு சுலபமாக அள்ளலாம் என்று 2010-இலேயே ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி காட்டிவிட்டது.

மற்றவர்கள் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்: இயல்பாகச் சாக்கெட், விரும்பினால் நம்பும் பிராக்ஸிப் பட்டியலோடு ஹெட்டர், கூடவே வெளி முகவரி அமைப்பு. ஹெட்டரை இயல்பாக நம்பும் மென்பொருளை வெளியிடாதீர்கள்.

கிளவுட்ஃபிளேரின் ஃபிளெக்ஸிபிள் முறையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பிரவுசரிலிருந்து கிளவுட்ஃபிளேர் வரைதான் குறியாக்கம். அங்கிருந்து உங்கள் சர்வர் வரை பொது இணையத்தில் வெறும் எச்டிடிபி. ஹெட்டர் ‘எச்டிடிபிஎஸ்’ என்றே வரும், அதை நம்பினால் லூப் நிற்கும், குக்கீ வேலை செய்யும், எல்லாம் சரியானது போலத் தெரியும். இந்த இடத்தில் ஹெட்டரைத் திருத்துவது நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரைத் திருத்துவது. சர்வரில் சான்றிதழ் போட்டு, சர்வர் வரை குறியாக்கி அந்தச் சான்றிதழையும் சரிபார்க்கும் ஃபுல் ஸ்டிரிக்ட் முறைக்கு மாறுங்கள். உள் நெட்வொர்க்தானே என்று விட்டவர்களும் பட்டிருக்கிறார்கள்: கூகுளின் வாசலில் டிஎல்எஸ் அவிழும் இடத்தை அம்பு போட்டுக் காட்டிய அமெரிக்க உளவு அமைப்பின் வரைபடம் 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளிவந்தது.

## மாற்றிய பிறகு சோதிப்பது

கட்டளை வரியிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் இருந்தால் போதும். போர்ட் 80-க்கு, எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோவில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று நீங்களே எழுதி அனுப்பிப் பாருங்கள். திருப்பலோ மறுப்போ வர வேண்டும். உள்ளடக்கம் வந்தால் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதலாம் என்று அர்த்தம். அடுத்து, லோட் பேலன்சரை விட்டுவிட்டு ஆப் சர்வரின் பொது முகவரிக்கு நேராக, ஆப் ஓடும் போர்ட்டுக்கே அதையே அனுப்புங்கள். இணைப்பே கிடைக்கக் கூடாது. அப்புறம் எச்டிடிபிஎஸ்-இல் லாகின் செய்து, பதிலில் செக்யூர் ஃபிளாக்கும் எச்எஸ்டிஎஸ் ஹெட்டரும் இரண்டும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு போட்ட ஹெட்டர் பெயரையும் ஒருமுறை முயலுங்கள். ஹெட்டர்களை மாறிகளாக்கி ஆப்புக்குத் தரும் சிஜிஐ வழியில் இரண்டும் ஒரே மாறியாகிவிடும். என்ஜின்எக்ஸ் இயல்பாக அடிக்கோட்டுப் பெயர்களை எறிந்துவிடும், ஆனால் அந்த இயல்பை யாராவது மாற்றியிருக்கலாம். இந்த நான்கையும் டெப்ளாய் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் சேர்த்துவிட்டால், லோட் பேலன்சரை மாற்றும் நாளில் பயனருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.